ஜானட் டீச்சரின் ஞானஸ்நானத் தேதி

ஜானட் டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. வாரத்தில் ஆறு நாள் வண்ணாரப்பேட்டையில் கணவர் தவசிமுத்துவோடு தையல் சாமான் கடையில் உட்கார்ந்து நூல்கண்டு, ஜிப், கொக்கி, லைனிங் துணி விற்பவர். ஏழாம் நாள் மட்டும் டீச்சர். திருவொற்றியூரில் பெரிய ரோட்டை ஒட்டிய ஆலயத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட கூடத்தில், இருபத்து நான்கு வருஷமாகத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறார். கைக்குழந்தையாக இருக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள், பதினைந்து வயதை ஒட்டிப் பேராயர் முன்னால் முழங்கால் போட்டு, இனி என் விசுவாசத்துக்கு நானே பொறுப்பு என்று ஒப்புக்கொள்வதுதான் திடப்படுத்தல். அதற்குப் பிறகுதான் நற்கருணை அப்பமும் திராட்சரசமும். பேராயர் வருவதற்குள் பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், வினாவிடை எல்லாவற்றையும் பிள்ளைகள் மண்டையில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிடுவார். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகும். அந்தச் சத்தத்தையும் மீறி டீச்சர் குரல் கேட்கும்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதல் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று தன் ஞானஸ்நானத் தேதியைச் சொல்ல வேண்டும். பிறந்த தேதி இல்லை, ஞானஸ்நானத் தேதி. தெரியாது என்று தலையைச் சொறிகிறவனை அப்படியே வீட்டுக்கு அனுப்புவார். அம்மாவை எழுப்பிக் கேட்டுக்கொண்டு வா என்பார். "நீ பொறந்ததுக்கு நீ ஒண்ணும் கிழிக்கல. கர்த்தருடைய பிள்ளையானது அன்னைக்குத்தான். அந்தத் தேதி தெரியலைன்னா வேற என்ன தெரிஞ்சு என்ன?" என்று கேட்பார். பிள்ளைகள் செல்போனில் அலாரம் வைப்பதுபோல் அந்தத் தேதியை மனசில் வைத்துக்கொள்வார்கள். காலடிப்பேட்டையில் அவரிடம் படித்துவிட்டு இப்போது பிள்ளை குட்டியோடு இருப்பவர்களை நடுரோட்டில் நிறுத்திக் கேட்டாலும் பட்டென்று சொல்வார்கள்.

அவருடைய தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்று, ஜூன் பதினேழு. ஞாயிற்றுக்கிழமை. அவருடைய அப்பா வீட்டு வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் நீல மையில் எழுதி வைத்த தேதி. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் புத்தகம் டீச்சரிடம் வந்தது. ஒவ்வொரு ஜூன் பதினேழுக்கும் வகுப்புக்கு லட்டு வரும். கடைக்கு வருகிற தையல்காரர்களுக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும். "இன்னா டீச்சர், பொறந்த நாளா?" என்று கேட்கிறவர்களுக்கு ஐந்து நிமிஷப் பிரசங்கமும் சேர்த்துக் கிடைக்கும்.

நாலு தலைமுறைக் கிறிஸ்தவம் என்பதில் டீச்சருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்வது மரியாதைக்கு. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக ஆலயத்துக்கு வர ஆரம்பித்த குடும்பங்களை "புதுசா வந்தவங்க" என்பார். அன்பாகத்தான் சொல்வார், ஆனால் அவர்கள் வந்து பத்து வருஷம் ஆனாலும் அந்தப் பெயர் மாறாது. அவர்களுக்கு விவரம் பத்தாது, நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார்.

அப்படிப் புதிதாக வந்தவர்களில் ஒருத்தி ரெஜினா. பதினைந்து வயது. அப்பா லோகநாதன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர், அம்மா ராமசெல்வி. மூன்று வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தவர்கள். வகுப்பில் வினாவிடையை முதலில் மனப்பாடம் செய்து முடித்தது இந்தப் பெண்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ஞானஸ்நானப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், ஞானஸ்நானம் எடுக்காமயே ஒரு குழந்த செத்துப்பூட்டா, அது எங்க போவும்?"

டீச்சர் யோசிக்கவில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் இந்தக் கேள்வி பலமுறை வந்திருக்கிறது, யாராவது ஒரு குறும்புக்காரன் கேட்பான். தண்ணீராலும் ஆவியாலும் பிறக்காதவனுக்கு அங்கே இடமில்லை என்ற வசனத்தை அதிகாரம், எண் எல்லாவற்றோடும் சொன்னார். சொல்லிவிட்டு, "அதனாலதான் பெரியப்பா வரட்டும், மாமா வரட்டும்னு தள்ளிப்போடக் கூடாதுங்கறது" என்று தானாக ஒன்றையும் சேர்த்தார். ரெஜினா உட்கார்ந்தாள். வகுப்பு முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

பிள்ளைகள் கலைந்த பிறகு அவள் பக்கத்தில் உட்காரும் பெண் வந்து மெதுவாகச் சொன்னாள். ரெஜினாவுக்கு ஒரு தம்பி பிறந்தானாம். ஜெனிஷ் என்று பெயர் வைத்திருந்தார்களாம். குவைத்தில் இருக்கும் பெரியப்பாதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று அவர் லீவுக்காகக் காத்திருந்தார்களாம். ஐம்பத்திரண்டாம் நாள் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் குழந்தை இறந்துவிட்டது. அந்தச் சமயம் டீச்சர் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். விஷயம் அவர் காதுக்கு வரவே இல்லை.

டீச்சருக்கு ஓடிப்போய் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் போய் என்ன சொல்வது? வசனத்தை மாற்றவா முடியும்? நான் எழுதினதா அது? இப்படி நினைத்து நினைத்து அந்த வாரம் போயிற்று. அடுத்த வாரம் ரெஜினா வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ராமசெல்வி மட்டும் ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். எட்டு மாதம் அப்படியே ஓடியது. வீட்டில் சோறு பிசையும்போதும் கடையில் கொக்கி எண்ணும்போதும் ரெஜினாவின் குனிந்த தலை வந்து நிற்கும். அதற்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்று தெரியும்.

இந்த நிலைமையில்தான் அந்த ஃபாரம் வந்தது. மூன்று மாதத்துக்கு முன் வந்த புதுப் போதகர் ஜோபினுக்கு முப்பத்தொரு வயது. எதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்ற வெறி உள்ளவர். திடப்படுத்தலுக்கு நிற்கும் பிள்ளைகளின் விவரத்தோடு ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் விவரத்தையும் பேராயர் அலுவலகம் கேட்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்ற ஆலயம், தேதி, பதிவேட்டு எண். முதல் இரண்டையும் டீச்சர் ஒரே மூச்சில் எழுதிவிட்டார். மூன்றாவதற்கு, "தெக்க எங்க ஊர்க் கோயில்ல கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க பாஸ்டர்" என்றார். பாஸ்டரும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அலுவலக அறைக்கு வரச் சொன்னார். செல்போனில் பழைய பதிவேட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"டீச்சர், உங்க அக்கா பேர் எழுபதுல இருக்கு. உங்க பேர் இல்ல."

"நல்லாப் பாருங்க பாஸ்டர். எழுபத்து மூணு ஜூன்."

"எழுபத்து மூணே இல்ல டீச்சர்."

போனை வாங்கிப் பார்த்தார். எண்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசிப் பதிவு எழுபத்திரண்டு நவம்பர். எண்பத்தொன்பதாம் பக்கத்தின் முதல் பதிவு எழுபத்தைந்து ஜூலை. நடுவே கிழித்த அடையாளம் இல்லை, கறையான் அரித்த அடையாளமும் இல்லை. இரண்டரை வருஷம் அந்த ஊரில் குழந்தையே பிறக்காததுபோல் பதிவேடு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. வேறு நோட்டில் எழுதியிருப்பார்கள் என்றார் டீச்சர். இருக்கலாம் என்று பாஸ்டரும் சொன்னார். அவர் முகத்தில் அந்த நம்பிக்கை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறார். காதும் நன்றாகக் கேட்கும், ஞாபகமும் தெளிவு. பதிவேட்டில் தன் பேர் ஏன் இல்லை என்று கேட்டார்.

"ஏட்டி, ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் அம்மா.

அந்த ஒரு கேள்வியிலேயே டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா சொன்னது இதுதான். அந்த வருஷம் கோயிலுக்குப் புதுக் கோபுரம் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கோபுரம் வடக்கே பார்த்து வர வேண்டும் என்று வடக்குத் தெருக்காரர்கள், தெற்கே பார்த்து வர வேண்டும் என்று தெற்குத் தெருக்காரர்கள். வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, கோர்ட்டுக்குப் போய், தாசில்தார் வந்து கோயிலைப் பூட்டி சீல் வைத்துவிட்டார். இரண்டரை வருஷம் பூட்டு. கல்யாணம் முடிக்கிறவர்கள் பக்கத்து ஊருக்குப் போனார்கள். பிள்ளை பெற்றவர்களும் போகலாம்தான். ஆனால் பக்கத்து ஊர்ப் போதகர் வடக்குத் தெரு ஆள். அவர் கையால் என் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டாம், நம் கோயில் திறக்கட்டும் என்று அப்பா ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

"திறக்கதுக்குள்ள நாம மெட்ராஸுக்கு வந்துட்டோம்ட்டி. கடை போடுத அவசரம். அங்க வந்து ஒன் தம்பிக்குக் கொடுக்கும்போ ஒனக்கும் சேத்துக் கொடுக்கலாம்னேன். நாலு வயசுப் பிள்ளைய இப்பவா கொண்டாறீகன்னு எல்லாரும் கேப்பாவன்னு அப்பா மாட்டேன்னுட்டாவ. ஒன் திடப்படுத்தலுக்கு இருந்த போதகர் அய்யர் நம்ம ஊர்க்காரரு. நம்ம வீட்டுப் பிள்ளைக்கிட்ட எதுக்கு ஞானஸ்நானச் சீட்டுன்னு கேக்கவே இல்ல."

"அப்ப அந்தத் தேதி?" என்றார் டீச்சர்.

"நீ ஞாயித்துப் பள்ளிக்கூடத்துல இருந்து வந்து நச்சரிச்ச. எல்லாப் பிள்ளைகளும் தேதி சொல்லுதாங்க, எனக்கு மட்டும் தெரியலன்னு அழுத. அப்பா பழைய காலண்டர எடுத்து ஒரு ஞாயித்துக்கெழமையாப் பாத்து எழுதுனாவ."

போனை வைத்த பிறகு டீச்சர் எழுந்திருக்கவில்லை. அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீர் சுண்டி, பாத்திரம் கருகி வாசனை வந்த பிறகுதான் தவசிமுத்து ஓடிவந்து அணைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்த மனிதர் வழக்கம்போல் விளையாட்டாக, "அப்ப நம்ம கல்யாணமே செல்லாதோ? இருவத்தெட்டு வருசம் யாரு வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்?" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்த பார்வையில் தவசிமுத்து வாயை மூடிக்கொண்டு கருகின பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டார்.

அதிர்ச்சி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் போதாது. ஐம்பத்திரண்டு வயதில், தன்னைத் தவிர ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தேதி கேட்டு நிறுத்தியிருக்கிறோம் என்று ஒரு மனுஷிக்குத் தெரிகிறது. எத்தனை வருஷம் லட்டு கொடுத்தோம் என்று நினைக்கும்போது அவமானத்தில் காது சுட்டது. தேதி தெரியாத பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. புதிதாக வந்தவர்கள் எல்லோரிடமும் சீட்டு இருந்தது. நாலு தலைமுறை ஜானட்டிடம்தான் இல்லை.

அப்பா மேல் கோபம் வந்தது. அதைவிடப் பெரிய கோபம் கர்த்தர் மேல் வந்தது. அன்று முழுக்கத் துணி மடிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் மனசு ஓயாமல் வழக்காடியது. எனக்கா இடமில்லை? இருபத்து நான்கு வருஷம் பாடம் எடுத்தேனே, அது கணக்கில்லையா? ஒரு ஞாயிறு தவறாமல் வந்தேனே? காய்ச்சலோடு வந்தேனே? என் அப்பாவின் வீம்புக்கு நானா பொறுப்பு? எனக்கு இடமில்லை என்று சொல்ல உமக்கு மனசு வருமா?

இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டீச்சருக்கு ஒன்று உறைத்தது. தனக்கு இடமில்லை என்று அவர் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. அந்த வசனம் தன் தலைக்கு மேல் வந்ததும், அதற்கு ஒரு வழி இருக்கும், தேவன் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவ்வளவு நியாயம் பேசுகிறது மனசு. ஐம்பத்திரண்டு நாள் குழந்தைக்காக ஒரு நியாயமும் பேசவில்லை. அது பாடம் எடுக்கவில்லை, காய்ச்சலோடு கோயிலுக்கு வரவில்லை, காய்ச்சலில் செத்துப்போனது. பெரியவர்கள் தள்ளிப்போட்டதற்கு அது மட்டும் பொறுப்பா? அந்தப் பிள்ளையின் அக்காவிடம், யோசிக்கக்கூட இல்லாமல், எண்ணோடு சேர்த்துச் சொன்ன வாய் இதுதானே. டீச்சர் அப்போதுதான் அழுதார். நன்றாகச் சத்தம் போட்டு அழுதார்.

டீச்சர் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்ததால் மறுநாள் பாஸ்டர் கடைக்கே வந்துவிட்டார். ஜிப் வாங்க வந்த கூட்டம் குறையும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"டீச்சர், இது யாருக்கும் தெரிய வேண்டாம். பேராயர் வர மூணு வாரம் இருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் உங்க வீட்டுக்கு வர்றேன். நீங்க, நான், அண்ணாச்சி. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஃபாரத்துல அந்தத் தேதியைப் போட்டுக்கலாம்."

"பாஸ்டர், நேத்து ராத்திரி நான் செத்திருந்தா எங்க போயிருப்பேன்?"

பாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். "கர்த்தர்கிட்டதான் டீச்சர். ஞானஸ்நானம் அவர் நமக்குக் கொடுத்த வாசல். நாம அந்த வழியா வரணும். அவர் கையை அந்த வாசல் தடுக்காது" என்றார்.

"எனக்குச் சொல்றப்ப உங்களுக்கு இது எவ்வளவு சுலபமா வருது" என்றார் டீச்சர். செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்றும் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் கடையைத் தவசிமுத்துவிடம் விட்டுவிட்டு, காலடிப்பேட்டைவரை மெட்ரோவில் வந்து, அங்கிருந்து எண்ணூர் ஷேர் ஆட்டோவில் ஏறினார். டிரெய்லர்களுக்கு நடுவே ஆட்டோ புகுந்து புகுந்து போனது. கைப்பையில் அப்பாவின் வேதப்புத்தகம் கனத்தது. அதை ஏன் எடுத்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை, ஒரு பழக்கம்தான்.

ரெஜினா சந்து முனையில் தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டுக்கொண்டு நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. கோபப்படுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்திருந்தார். இது பயம். ஏன் பயப்படுகிறாள் என்று புரியவில்லை.

"ரெஜினா, நான் சண்டைக்கு வரல. ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். நடுச்சந்தில், குடங்களுக்கு நடுவே, ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பதிவேட்டில் பேர் இல்லை, அப்பா எழுதின தேதி பொய், தனக்கு இன்றுவரை ஞானஸ்நானம் ஆகவில்லை.

ரெஜினா வாயைத் திறந்தபடி நின்றாள். "இன்னா டீச்சர் சொல்றீங்கோ? உங்களுக்கா?"

"எனக்குத்தான். உன் தம்பியப் பத்தி அன்னைக்கு நான் சொன்னது தப்பு. தெரியாம, யோசிக்காம சொல்லிட்டேன். அவன் கர்த்தர்கிட்ட இருக்கான். வா, உங்கம்மாகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

டீச்சர் ஒரு அடி வைத்ததுதான் தாமதம், ரெஜினா குறுக்கே வந்து நின்றாள். "வாணாம் டீச்சர். அம்மாண்ட ஒண்ணும் சொல்லாதீங்கோ."

"ஏம்மா?"

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். குரல் கீழே போயிற்று. "அந்தக் கேள்விய நானா கேக்கல. அம்மாதான் டீச்சராண்ட கேட்டுகினு வான்னு சொல்லி அனுப்பிச்சாங்கோ. அன்னிக்கு வூட்டுக்குப் போனா வாசல்லயே ஒக்காந்துகினு கீறாங்கோ. டீச்சர் இன்னா சொன்னாங்கோன்னு கேட்டாங்கோ. நீங்க சொன்னத சொன்னா அம்மா அன்னிக்கே செத்துப்பூடும் டீச்சர். ஏற்கெனவே சோறு தண்ணி இல்லாம கெடந்துச்சு. அதான், தம்பி கர்த்தராண்டதான் கீறான், டீச்சரே சொன்னாங்கோன்னு சொல்ட்டேன்."

அப்படியானால் கடைசி பெஞ்சிலிருந்து ராமசெல்வி நிமிர்ந்து பார்த்தது குற்றம் சொல்வதற்கு இல்லை. எட்டு மாதமாக எதைக் கண்டு முகத்தைத் திருப்பினோம் என்று டீச்சருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"அப்ப நீ கிளாஸுக்கு வராதது?"

"உங்க பேர்ல பொய் சொல்லிகினு உங்க முன்னாடி எப்டி வந்து ஒக்கார்றது? பொய் சாட்சி சொல்லாதேன்ற ஒம்போதாம் கட்டள ஒப்பிக்கச் சொன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அதற்குள் சத்தம் கேட்டு ராமசெல்வி வெளியே வந்துவிட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்கு வந்தீங்களா டீச்சர்? கோயில்ல உங்களாண்ட வந்து பேசணும்னு எத்தினி தபா பாத்தேன், நீங்க பிஸியா கீறீங்கோ. அன்னிக்கு நீங்க சொல்லி அனுப்பிச்ச ஒரு வார்த்தையிலதான் டீச்சர் நான் உசுரோட கீறேன்."

ரெஜினா கண்ணாலேயே கெஞ்சினாள். டீச்சர் ராமசெல்வியைப் பார்த்தார். "சொல்லணும்னுதான் வந்தேன். உங்க பையன் கர்த்தர்கிட்ட இருக்கான்" என்றார்.

வீட்டுக்குள் உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, ராமசெல்வி தன் வேதப்புத்தகத்தை எடுத்து வந்தாள். "எந்த வசனம்னு கேட்டேன், இந்தப் பொண்ணு மறந்துட்டேன்னுது. நீங்க காமிங்கோ டீச்சர், நான் கோடு போட்டு வச்சிக்கிறேன்."

ஜானட் டீச்சரிடம் வசனம் கேட்டு அவர் முழித்த கதை இதுவரை இல்லை. அன்று முழித்தார். புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். தள்ளும்போது ஒரு ராஜாவின் கதையில் கண் நின்றது. அந்த ராஜாவின் கைக்குழந்தை நோயில் விழும். அவர் தரையில் கிடந்து அழுவார். குழந்தை இறந்ததும் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, அது என்னிடம் திரும்பி வராது, நான்தான் அதனிடம் போவேன் என்பார். ராஜாவின் பாவத்துக்குத் தண்டனை என்று டீச்சர் வருஷா வருஷம் நடத்துகிற பாடம். குழந்தை எந்த நாளில் இறந்தது என்று அவர் நின்று பார்த்ததே இல்லை. ஏழாம் நாள் என்று போட்டிருந்தது. அந்த ஜனங்கள் ஆண் குழந்தையைச் சடங்கு செய்து தேவனுடைய உடன்படிக்கைக்குள் சேர்ப்பது எட்டாம் நாளில்.

"ஏழு" என்றார் டீச்சர் தனக்குள். பிறகு விரலை வைத்து, வரி வரியாக, ராமசெல்விக்குப் படித்துக் காட்டினார். சடங்குக்கு ஒரு நாள் இருக்கும்போது போய்விட்ட குழந்தை. அதனிடம் போவேன் என்று அதன் தகப்பன் சந்தேகமே இல்லாமல் சொன்னார். ராமசெல்வி பேனாவை வாங்கி அந்த வரிக்குக் கீழே அழுத்திக் கோடு போட்டாள். மை அடுத்த பக்கத்தில் இறங்கியது.

அப்புறம்தான் டீச்சர் தன் விஷயத்தைச் சொன்னார். அடுத்த ஞாயிறு முழுச் சபைக்கும் முன்னால், தன் வகுப்புப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாகச் சொன்னார். ஞானத்தாயாகப் பக்கத்தில் ஒருத்தர் நிற்க வேண்டும், நீங்கள் நிற்பீர்களா என்று கேட்டார்.

"நானா?" என்று ராமசெல்வி பின்னால் நகர்ந்தாள். "என் பேரே ராமசெல்வி டீச்சர்."

"உங்ககிட்டச் சீட்டு இருக்கு. என்கிட்ட இல்ல" என்றார் டீச்சர்.

திரும்பும்போது ரோடுவரை ரெஜினா கூட வந்தாள். ஷேர் ஆட்டோ வந்து நின்றதும் அவள் டீச்சரின் பையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீச்சர், நான் சொன்ன பொய்யி, அத்த சபை முன்னாடி சொல்லணுமா?"

டிரைவர் ஏறச் சொல்லி ஹாரன் அடித்தான். டீச்சர் ஏறாமல் நின்றார்.

"நீ சொன்னது பொய் இல்ல ரெஜினா. அன்னைக்கு அந்தக் கிளாஸ்ல பொய் சொன்னது நான்."